துயரத்தின் சரியான வேகம்

பல்புக்காரருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கனத்த குரல் வாய்த்தது. அதுவும் பதினேழாவது வயதில், எட்டுப் பாட்டுகளுக்கு மட்டும். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் வாயைத் திறந்தால் எண்ணெய் போடாத கதவு திறக்கிற சத்தம்தான் வரும். கடைத் தொலைபேசியை எடுத்துப் பேசினால் மறுமுனையில் இருப்பவர்கள், "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்பார்கள். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "நான்தான் பெரியவன்" என்பார். அதை யாரும் நம்பியதில்லை.

அந்த எட்டுப் பாட்டுகளும் ஒரு கேசட்டில் இருந்தன. அப்போது அவருடைய அப்பா அம்மா இருவருக்கும் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரவுப் பணி. வீட்டில் தனியாகக் கிடந்த பையன், மாமா விட்டுவிட்டுப் போன கீபோர்டையும் பழைய டேப்ரெக்கார்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் பாடித் தீர்த்தான். 'யாரோ நிற்கிறார்கள்' என்று ஆல்பத்துக்குப் பெயரும் வைத்தான். பதிந்த இயந்திரத்திலேயே போட்டுக் கேட்டபோது குரல் வழக்கம்போலக் கீச்சென்றுதான் இருந்தது. கேசட்டை நண்பனிடம் கொடுத்தான். நண்பன் அதைப் பிரதி எடுக்கும் கடையில் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து, முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியபடி உட்கார்ந்திருந்தபோது, அலமாரி மேலிருந்த பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. நிலத்துக்கு அடியிலிருந்து யாரோ நிதானமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்ற குரல்.

"பாட்டு என்னோடதுடா. பாடுறது யாரு?" என்று நண்பனைக் கேட்டான்.

"நீதான்டா மண்டு."

தன் குரல் தன் காதுக்குச் சரியாகக் கேட்காது என்று எங்கோ படித்திருந்தான். குரல் உடைகிற வயதும் அதுதான். ஆகவே அந்த மழைக்காலத்தில் குரல் உடைந்து, கொஞ்ச நாள் அழகாக உடைந்தே இருந்து, பிறகு தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவு செய்தான். அதை மறுபடி உடைக்க உப்புநீர் கொப்பளித்தான், மழையில் நனைந்தான், இரண்டு சிகரெட்டை ஒன்றாகப் பற்றவைத்து வாந்தி எடுத்தான். குரல் மசியவில்லை. பாட்டை விட்டுவிட்டுப் பிழைக்கப் போனான். இருட்டென்றால் பயம், ஆகவே விளக்குக் கடை வைத்தான். இவ்வளவு நேர்மையான காரணத்துக்காகத் தொழில் தேர்ந்தெடுத்தவர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. இருட்டு பயம் மனைவிக்கு மட்டும் தெரியும். ரகசியத்தைக் காப்பாற்றுவதற்கு ஈடாக, வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் கடைசி வார்த்தை மனைவியுடையது என்று ஏற்பாடு.

முப்பது வருடத்துக்குள் எப்போதோ அந்தக் கேசட் உலகத்தின் கண்ணில் பட்டிருந்தது. எப்படி என்று அவருக்குத் தெரியாது. மகள் சொல்லித்தான் தெரிந்தது.

மகளுக்கு வயது பதினாறு. உருவம் சிறிது, காரம் பெரிது என்பதால் வீட்டில் மிளகு என்று பெயர். மூன்று வருடமாக அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் "ம்", "ப்ச்", "கதவைச் சாத்து" என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அவள் அறைக் கதவிடுக்கில் விடிய விடிய வெளிச்சம் தெரியும். படிக்கிறாள் என்று நினைத்து, கண்ணுக்கு இதமான பல்பாகப் பார்த்து மாற்றிக்கொடுப்பார். அதற்கும் ஒரு "ம்". அப்படிப்பட்டவள் ஒருநாள் காதில் மாட்டியதைக் கழற்றாமலே கடை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, இது நீயாப்பா?"

அன்றிலிருந்து வீட்டில் அவருடைய மதிப்பே வேறு. பள்ளித் தோழிகளை அழைத்துவந்து, தூரத்தில் நின்று, "அதோ, ஸ்டூல்ல ஏறி ட்யூப்லைட் மாட்டுறாருல்ல, அவருதான்" என்று காட்டினாள். அவரும் ட்யூப்லைட்டைக் கொஞ்சம் சோகமாக மாட்டினார்.

பிறகு கழகத்தார் வந்தார்கள்.

இருளிசை மரபுக் கழகம் என்பது அதன் முழுப்பெயர். கறுப்பு உடையில் வந்த இருவரும் கடைக்குள் நுழைந்ததும் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டார்கள். எரிகிற பல்புகள் அத்தனை. அவர்களில் மூத்தவர் கழகத்தின் இயக்குநர். மற்றவர் துயரப் பிரிவுத் தலைவி.

"உங்க ஆல்பத்தைச் சுத்தம் பண்ணி, சீர்படுத்தி, மறுபதிப்பா கொண்டுவரப் போறோம்" என்றார் இயக்குநர். "அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் விளக்கெல்லாம் அணைச்சு மரியாதை செலுத்தணும். எங்க வழக்கம்."

"எல்லாத்தையுமா?" என்றார் பல்புக்காரர்.

அந்தக் குரலைக் கேட்டதும் தலைவி திரும்பிப் பார்த்து, "பாப்பா, அப்பா உள்ள இருக்காரா?" என்றாள்.

கடையில் எந்த ஸ்விட்சு எந்த விளக்குக்கு என்று அவருக்கே தெரியாது என்று சொல்லி அன்று தப்பித்தார். 'விளக்குகளால் தன்னைத் தண்டித்துக்கொள்கிறார்' என்று தலைவி குறித்துக்கொண்டாள்.

கழகத்தின் கட்டடத்துக்கு அவரை வரச் சொல்லியிருந்தார்கள். ஆல்பத்துக்கு மரியாதையாக நடைபாதைகளில் விளக்கு கிடையாது. சுவரைத் தடவித் தடவிப் போக வேண்டும். அவர் பேனா டார்ச்சை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு போனார். எதிரே வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு, "மன்னிக்கணும், ஆழ்ந்த வருத்தம்" என்று சொல்லிக் கடந்தார்கள். அங்கே வணக்கத்துக்குப் பதில் அதுதான். ஒருவர் மருந்துக் கட்டோடு இருந்தார். பணியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம்.

துயர மதிப்பீட்டுக் குழு அவரை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி அமர்ந்தது.

"உங்க துயரம் இன்னும் நடப்புல இருக்கான்னு நாங்க உறுதி பண்ணணும்" என்றாள் தலைவி. "சில கலைஞர்கள் பின்னாடி சந்தோஷமாயிடுறாங்க. எங்களுக்கு ரொம்பச் சங்கடமாயிடுது. கடைசியா எப்ப அழுதீங்க?"

அவர் யோசித்தார். "போன மாசம். ட்யூப்லைட் பெட்டி கால்ல விழுந்தப்ப."

"வெளிச்சத்தால் காயம்" என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

"ஆல்பத்துல வாசல் பக்கம் ஒருத்தர் நிக்கிறாரே, அவர் யாரு? மரணமா, அரசாங்கமா? எங்களுக்குள்ள ரெண்டு கட்சி. போன வருஷம் கைகலப்பு ஆகி ஒரு நாற்காலி போச்சு."

அது அப்பாவின் மழைக்கோட்டு. கதவு ஆணியில் தொங்கும். வேலைக்குப் போகும்போது சில நாள் மறந்துவிட்டுப் போவார். இரவில் அதற்குத் தோள் முளைத்துவிடும். இதைச் சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் அத்தனை கறுப்புச் சட்டைகளைப் பார்த்ததும், "ரெண்டு பேரும்தான்" என்றார்.

குழு எழுந்து நின்றது. இரு கட்சிகளும் தழுவிக்கொண்டன. மறுபதிப்பு வெளியீட்டு விழாவில் அவருக்கு 'வாழ்நாள் துயரர்' என்ற பட்டம் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று.

"அம்மா, அப்பாவுக்குப் பட்டம்!" என்று மிளகு வீட்டில் குதித்தாள்.

"துயரம் எனக்கு, பட்டம் அவருக்கா?" என்றாள் மனைவி.

வினை ஒலிப்பதிவுக் கூடத்தில் காத்திருந்தது. கழகத்தின் ஒலிப் பொறியாளர் ஒரு பெண். தன் காதுகளைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் உள்ளவள். குளிர் காற்று படக்கூடாது என்று உள்ளேயும் மப்ளர் கட்டியிருப்பாள். இயக்குநர், தலைவி, பல்புக்காரர் மூவரையும் உட்கார வைத்து அறிவித்தாள்.

"இந்த உலகத்துல யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடிச்சிருக்கேன். அட்டையில என் பேர் பெருசா வரணும். சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"கரண்டுக்கு ஒரு ரீங்காரம் உண்டு. வீட்ல பதிவு பண்ணா பாட்டுக்கு அடியில அதுவும் விழும். அதோட சுருதி மாறவே மாறாது. ஆனா இந்தக் கேசட்டுல அது இறங்கிக் கிடக்கு. கரண்டு இறங்காது சார். அப்ப எது இறங்கியிருக்கு? பாட்டு மொத்தமும் இறங்கியிருக்கு. ஒன்னேகால் மடங்கு வேகமாக்கினேன். ரீங்காரம் அதோட இடத்துல போய் உக்காந்துடுச்சு. இப்ப கேளுங்க, இதுதான் நிஜ ஆல்பம்."

பொத்தானை அழுத்தினாள்.

கீபோர்டு துள்ளிக்கொண்டு கிளம்பியது. கழகம் 'மரண நடை' என்று பெயரிட்டு, பலர் ஆராய்ந்து பட்டம் வாங்கிய அந்தத் தாளம், கீபோர்டிலேயே ஏற்றி வந்த பதினோராம் எண் தாளம். பொத்தானுக்கு மேல் 'உல்லாசம்' என்று அச்சடித்திருக்கும். அதன்மேல் ஒரு கீச்சுக்குரல், மூச்சு வாங்க, யாரோ துரத்துவது போல, வார்த்தைகளை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடியது.

*விளக்கை விட்டு வை, விளக்கை விட்டு வை,*
*விடியுமட்டும் என்கூட யாராவது இரு...*

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் இயக்குநர்.

"நான்தாங்க" என்றார் பல்புக்காரர், அதே குரலில்.

"டேப்ரெக்கார்டர்ல ஏதாவது கைவச்சீங்களா?" என்றாள் பொறியாளர்.

ஞாபகம் வந்தது. பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. மோட்டார் தண்டில் சைக்கிள் ட்யூப் ரப்பரை இழுத்துச் சுற்றியிருந்தார்.

"அவ்வளவுதான்! தண்டு தடிச்சா டேப்பு வேகமா ஓடும். அந்த மெஷின்ல கேட்டா சரியா இருக்கும். வேற எந்த மெஷின்ல போட்டாலும் எல்லாம் மந்தமாயிடும், குரல் கனத்துடும்."

குரல் உடையவே இல்லை. ஒட்டவும் இல்லை. முப்பது வருடமாக எதைத் தொலைத்துவிட்டோம் என்று ஏங்கிக் கிடந்தாரோ, அது ஒரு துண்டு சைக்கிள் ட்யூப். உப்புநீரும் சிகரெட்டும் நினைவுக்கு வந்தன. அதற்கடுத்த நொடியில் மிளகு நினைவுக்கு வந்தாள். கடை வாசலில் நின்று "அவருதான்" என்று காட்டிய விரல். இது தெரிந்தால் அந்த விரல் மடங்கிவிடும். மறுபடி "ம்", "ப்ச்", "கதவைச் சாத்து".

அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் பேசினார்.

"உண்மை எங்களுக்கு விரோதி கிடையாது. ஆனா உண்மையும் நேரங்காலம் பாத்து வரணும். வெளியீட்டுக்கு மூணு வாரம் இருக்கும்போது வர்ற உண்மையை வாசல்லயே உக்கார வைக்கிறதுதான் முறை. இந்தக் கட்டடத்துல நாப்பது பேர் விளக்கில்லாம வேலை செய்றோம். எதுக்கு? இந்தக் குரலுக்காக. நாளைக்கு அது ஒரு சின்னப் பையன் குரல்னு தெரிஞ்சா, நாங்க இருட்டுல முட்டிக்கிட்டதெல்லாம் வெறும் முட்டலாயிடும். அதனால பாட்டு மெதுவா ஓடியிருக்க வாய்ப்பே இல்லை. கரண்டுதான் மெதுவா ஓடியிருக்கு."

கைதட்டல் எழுந்தது. அந்த ஆண்டின் மின்சாரம் வழக்கத்தைவிடச் சோர்ந்திருந்ததாகச் சான்று கேட்டு மின்வாரியத்துக்கு எழுதினார்கள். 'அந்த ஆண்டு மின்சாரம் அடிக்கடி வரவில்லை. வந்தபோதெல்லாம் சரியாகவே வந்தது' என்று பதில் வந்தது. முதல் பாதியை மட்டும் சான்றாக ஏற்பது என்று கழகம் ஏகமனதாக முடிவு செய்தது. மேற்கொண்டு யாருக்கும் சந்தேகம் வராதபடி, மறுபதிப்பில் ஆல்பத்தை இன்னும் சற்று மெதுவாக்கினார்கள். பொறியாளரின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டதும் அவளுடைய காதுகளும் அதை ஒப்புக்கொண்டன.

மிச்சம் இருந்த சிக்கல், பல்புக்காரரின் வாய்.

"மேடையில நீங்க பேச வேணாம்" என்றாள் தலைவி. "குரல் பிரதிநிதி ஒருத்தரை நியமிச்சிருக்கோம். அவர் பேசுவார், நீங்க தலையை ஆட்டினாப் போதும். மெதுவா ஆட்டுங்க."

பிரதிநிதி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை உருளுவது போன்ற குரல். பல்புக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க தம்பி, உங்களை நான் பத்திரமா கொண்டு சேத்துடுவேன்" என்றார்.

அந்த மூன்று வாரமும் மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தார். அவள் காதில் மாட்டிக்கொண்டு சாப்பிடுவாள், பல் தேய்ப்பாள், துணி மடிப்பாள்.

"மிளகு, ஒன்னு சொல்லணும்."

"விழாவுக்கு எங்க கிளாஸ்ல பாதிப்பேர் வர்றாங்கப்பா. எல்லாருக்கும் முன்வரிசை வேணும். என்ன சொல்லணும்?"

"முன்வரிசையே சொல்லிடுறேன்" என்றார்.

"எல்லாத்துக்கும் லைட்டு போடுவீங்க, இவளை மட்டும் இருட்டுல வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி, மகள் போன பிறகு. ஏற்பாட்டின்படி அதுவே கடைசி வார்த்தையாயிற்று.

விழா அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் நடுநாற்காலியில் பல்புக்காரர், இரவல் கறுப்புக் கோட்டில். பக்கத்தில் ஒலிவாங்கி முன் அறிவிப்பாளர். முன்வரிசையில் மிளகும் தோழிகளும் மனைவியும்.

"என் வாழ்க்கையில் இருள்," என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். அரங்கு சிலிர்த்தது. பல்புக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். "பதினேழாவது வயதில் வந்து சேர்ந்தது. என் தனிமை இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள்... நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்."

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் பட்டயத்தை நீட்டினார். 'வாழ்நாள் துயரர்' என்று கறுப்புத் தாளில் கறுப்பு எழுத்து. தடவித்தான் படிக்க வேண்டும்.

"இப்போது கழக வழக்கப்படி ஒரு நிமிட இருள்" என்று அறிவித்தார் இயக்குநர்.

இதை அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. விளக்கெல்லாம் ஒரே சொடுக்கில் அணைந்தன. ஜன்னல்களுக்கும் கறுப்புத் துணி. பேனா டார்ச் வீட்டில், தன் சொந்தச் சட்டைப்பையில். கண்ணைத் திறந்தால் ஒன்றும் இல்லை, மூடினாலும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அறிவிப்பாளரின் கோட்டுக்குத் தோள் முளைக்க ஆரம்பித்தது. பல்புக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரை மீறி அது வந்தது.

"லைட்டு! யாராவது லைட்டப் போடுங்களேன்! யாரோ நிக்கிறாங்க!"

கீச்சுக்குரல் அரங்கின் மூலைவரை போய்த் திரும்பியது. எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். "யாரு அந்தப் பொண்ணு?" என்று இன்னொரு குரல். இருட்டிலேயே அவருக்கு முகம் கொதித்தது. முடிந்தது கதை. முன்வரிசை மொத்தமும் கேட்டிருக்கும்.

அப்போது முன்வரிசையில் ஒரு சின்ன வெளிச்சம் எழுந்தது. கைப்பேசி வெளிச்சம். அது படியேறியது, அறிவிப்பாளரின் காலை மிதித்து ஒரு "ஐயோ" வாங்கியது, பல்புக்காரர் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பா, நான்தான். கையைக் குடு."

கொடுத்தார். அவள் கையும் ஜில்லென்று இருந்தது.

"மிளகு, அந்த ஆல்பத்துல இருக்கிற குரல்... அது நான் இல்லடா. மெஷின் கோளாறு. என் குரல் இப்படித்தான். அப்பவும் இப்படித்தான்."

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"இப்படித்தான்னு. நான் எதையுமே ஒன்னேகால் வேகத்துலதான் கேப்பேன். எங்க செட்டே அப்படித்தான். பாட்டெல்லாம் இழுத்துக்கிட்டே இருந்தா யாரு கேக்குறது? குரலும் சேந்து மெல்லிசாயிடும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முதல் தடவை தெரியாம மெதுவா போட்டுட்டேன்பா. யாரோ பயமுறுத்துற மாதிரி இருந்துச்சு, அணைச்சுட்டேன். வேகமா போட்டாத்தான் நீ பயந்த மாதிரி இருக்கு."

"பயந்த மாதிரி இருந்தா நல்லாவா இருக்கு?"

"நானும் லைட்டப் போட்டுட்டுதான்பா தூங்குறேன். நீ நான் படிக்கிறேன்னு நெனச்ச."

அவர் எத்தனை பல்பு மாற்றிக்கொடுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். இருட்டு இன்னும் பாக்கி இருந்தது. இருவரும் அந்தச் சின்ன வெளிச்சத்தைத் தரையில் அடித்து, அதன்மேல் கால்களை வைத்துக்கொண்டார்கள்.

விளக்குகள் வந்ததும் இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். முகத்தில் வியர்வை.

"இப்போ நீங்க கேட்டது திட்டமிட்ட நிகழ்வு! இருள் தன் குழந்தைக் குரலைக் கண்டெடுத்த தருணம்! இந்த அலறலை ஆராய ஒரு குழு இந்த மேடையிலேயே அமைக்கப்படுகிறது!"

அரங்கு எழுந்து கைதட்டியது. துயரப் பிரிவுத் தலைவி பேனாவோடு ஓடிவந்தாள். "யாரோ நிக்கிறாங்கன்னு சொன்னீங்களே, இந்தத் தடவை யாரு? மரணமா, அரசாங்கமா?"

"மழைக்கோட்டும்மா" என்றார் பல்புக்காரர், எண்ணெய் போடாத தன் சொந்தக் குரலில். "எங்கப்பாவோட மழைக்கோட்டு. இருட்டுல பாத்தா பயமா இருக்கும்."

தலைவி எழுதவில்லை. அறிவிப்பாளரின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

"இரண்டுமே," என்று உருண்டது மலை. தலைவி நிம்மதியாக எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மனைவி தன் நனைந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கொண்டுபோய், காற்றுப் படட்டும் என்று மிளகின் அறைக் கதவில் மாட்டினாள்.

"அம்மா! அதை முதல்ல அங்கிருந்து எடு" என்றாள் மிளகு.

"எடுங்க" என்றாள் மனைவி, கணவரிடம்.

பல்புக்காரர் எடுத்தார். தன் அறைக் கதவுவரை கொண்டுபோனார். ஆணியை ஒரு தரம் பார்த்தார். திரும்பி வந்து, கூடத்து நாற்காலியில் தோள் தெரியாதபடி நாலாக மடித்து வைத்தார்.